பெண் உறுப்புச் சிதைப்பின் உளவியல் பாதிப்பை ஆராயவும் பாதிக்கப்பட்டோருக்குத் துணை நிற்கவும்: புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

உளவியல், சமூகப்பணி, செவிலியம் போன்ற துறைகளில் படிக்கும் ஒருவர் இந்தத் தலைப்பில் ஆய்வு செய்யப்போவதாகச் சொன்னால், அவருடைய வினாநிரலைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். நேர்காணலுக்கு வந்த பெண் பாதியில் உடைந்து அழத் தொடங்கினால், அன்று மாலைக்குள் அவர் யாரைச் சந்திக்க முடியும்? இதற்கு ஆலோசகரின் பெயர், தொலைபேசி எண், செலவை ஏற்பவர் யார் என்ற விவரங்களோடு விடை சொல்ல முடியாதவர் களத்துக்குப் போகும் நிலைக்கு இன்னும் வரவில்லை. பல பெண்கள் வாழ்நாளில் முதன்முறையாக இதைப் பற்றி வாய்திறப்பது ஆய்வாளரிடம்தான் என்பதால், ஆய்வை முதலிலும் ஆதரவைப் பிறகுமாக வைத்துக்கொள்ள இந்தத் துறையில் வழியில்லை. கீழே வரும் படிகளில் ஆதரவு ஏற்பாடு நேர்காணலுக்கு முன்னால் வருவதற்குக் காரணம் இதுவே.

எந்த வழக்கம், எந்த வயது என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ளுங்கள்

உலக சுகாதார நிறுவனம் இந்த வழக்கத்தை நான்கு வகைகளாகப் பிரிக்கிறது. பெண்குறிக் காம்பையோ (கிளிட்டோரிஸ்) அதை மூடிய தோலையோ நீக்குவது முதல் வகை. அதோடு உட்புற இதழ்களையும் வெட்டுவது இரண்டாவது. இதழ்களை வெட்டி ஒட்டவைத்து அல்லது தைத்துத் திறப்பைக் குறுக்குவது மூன்றாவது. மருத்துவக் காரணம் ஏதுமின்றிக் குத்துவது, கீறுவது, சுரண்டுவது, சுடுவது முதலியவை நான்காவது. யுனிசெஃப் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி இன்று உலகில் 23 கோடிக்கும் மேற்பட்ட சிறுமியரும் பெண்களும் இதற்கு உள்ளாக்கப்பட்டவர்கள். அவர்களில் சுமார் 8 கோடிப் பேர் ஆசியாவில் இருக்கிறார்கள்.

நூலகத்தில் உங்களுக்குக் கிடைக்கும் ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆப்பிரிக்க நாடுகளையும் அங்கிருந்து ஐரோப்பாவுக்குக் குடிபெயர்ந்தவர்களையும் பற்றியவை. ஆனால் தமிழில் நேர்காணல் நடத்தும் ஒருவர் சந்திக்கக்கூடியவர்கள் பெரும்பாலும் இலங்கை முஸ்லிம் பெண்கள். இந்தியாவில் இதைப் பற்றி அதிகமாக வெளியே பேசியிருப்பவர்கள், ஷியா முஸ்லிம் பிரிவுகளில் ஒன்றான தாவூதி போரா சமூகப் பெண்கள். இந்த இரண்டு இடங்களிலும் பெரும்பாலும் நடப்பது முதல் அல்லது நான்காம் வகை. இலங்கையில் குழந்தை பிறந்து நாற்பது நாளுக்குள், ‘ஒஸ்தா மாமி’ என்று அழைக்கப்படும் பெண் வீட்டுக்கு வந்து பிளேடால் கீறுவது அல்லது சிறிது வெட்டுவது வழக்கமாக இருந்து வருகிறது. போரா சமூகத்தில் ஏறத்தாழ ஏழு வயதில் சிறுமியை அழைத்துச் சென்று செய்கிறார்கள்.

வயதில் உள்ள இந்த வேறுபாடு உளவியல் ஆய்வின் போக்கையே மாற்றிவிடும். ஏழு வயதுச் சிறுமிக்கு நினைவு இருக்கிறது. ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பாட்டி அழைத்துப்போனது, பழைய வீட்டின் மாடிப்படி, காலைப் பிடித்துக்கொண்ட கை, முடிந்ததும் நீட்டப்பட்ட குளிர்பானம், யாரிடமும் சொல்லக் கூடாது என்ற கட்டளை ஆகியவற்றைப் பல பெண்கள் நாற்பது ஐம்பது வயதிலும் துல்லியமாகச் சொல்லியிருக்கிறார்கள். நாற்பது நாள் குழந்தைக்கு அப்படிச் சொல்லக்கூடிய நினைவு எதுவும் இல்லை. அவள் வளர்ந்த பிறகு செய்தி ஒன்றைப் படிக்கும்போதோ தனக்கு மகள் பிறக்கும்போதோதான் ‘எனக்கும் செய்தார்களா?’ என்ற கேள்வி எழுகிறது. உம்மாவிடம் கேட்டால் மழுப்பலான பதிலே வருகிறது. இங்கே பாதிப்பு என்பது கெட்ட கனவாகவோ திடீரெனத் திரும்பி வரும் காட்சியாகவோ இல்லாமல், தன் உடலைப் பற்றித் தனக்கே முழுவதும் தெரியாது என்ற ஐயமாகவும், கோபமாகவும், தாம்பத்திய உறவில் எழும் எந்தச் சிக்கலுக்கும் இதுதான் காரணமோ என்ற ஓயாத யோசனையாகவும் வெளிப்படலாம். ஒரு பாதிப்பும் இல்லாமலும் இருக்கலாம். சோமாலியப் பெண்களுக்காக வடிவமைத்த வினாநிரலை அப்படியே மொழிபெயர்த்துக் கொழும்பிலோ காத்தான்குடியிலோ பயன்படுத்துவது பயன் தராது.

முந்தைய ஆய்வுகளை எண்களுக்கு அப்பாலும் படியுங்கள்

புதிதாக வருபவர்கள் ஆய்வுச் சுருக்கத்தில் உள்ள விழுக்காட்டை மட்டும் எடுத்தெழுதிவிடுகிறார்கள். அந்த விழுக்காடு யாரிடமிருந்து வந்தது என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு, அலிஸ் பெரெண்ட்டும் ஸ்டெஃபன் மோரிட்ஸும் செனகலின் டாக்கர் நகரில் செய்து 2005இல் வெளியிட்டது. வெட்டப்பட்ட 23 பெண்களையும் வெட்டப்படாத 24 பெண்களையும் ஒப்பிட்டு, முதல் குழுவில் 30.4 விழுக்காட்டினரிடம் பி.டி.எஸ்.டி. எனப்படும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனக்கோளாறு இருப்பதை அவர்கள் கண்டார்கள். அதே சமூகத்திலிருந்து ஒப்பீட்டுக் குழுவைத் தேர்ந்தது இதன் வலிமை. 23 பேரில் 30.4 விழுக்காடு என்பது 7 பேர் என்பதே இதன் எல்லை. நெதர்லாந்தில் வாழும் 66 ஆப்பிரிக்கப் பெண்களிடம் செய்யப்பட்டு 2012இல் வெளியான ஆய்வில் ஆறில் ஒருவருக்குப் பி.டி.எஸ்.டி. அறிகுறிகளும், மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு அல்லது பதற்றத்தின் அறிகுறிகளும் இருந்தன. அவர்களில் சோமாலியா, சூடான் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்களும் உண்டு என்பதால், போர், அகதி வாழ்வு, குடியேற்றத்தின் தனிமை ஆகியவற்றின் தாக்கத்தை வெட்டின் தாக்கத்திலிருந்து பிரித்தெடுப்பது எளிதன்று. பாதிக்கப்பட்ட பெண்களெல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதை அந்த ஆய்வு நன்றாகக் காட்டுகிறது. நிலைமையைச் சமாளித்து வாழ்பவர்கள், வலுவிழந்து ஒடுங்கியவர்கள், அதிர்ச்சியிலிருந்து மீளாதவர்கள் என மூன்று வகையினரை அதன் ஆசிரியர்கள் அடையாளம் கண்டார்கள். புதியவர்கள் முதலில் படிக்க வேண்டியது இதுவே என்பது என் கருத்து.

போரா சமூகத்தைப் பற்றி இரண்டு ஆய்வுகள் முக்கியமானவை. ‘சஹியோ’ அமைப்பு 385 பெண்களிடம் இணையவழியில் கருத்துக் கேட்டு 2017இல் வெளியிட்ட ஆய்வில் 80 விழுக்காட்டினர் தங்களுக்குக் கத்னா (இவ்வழக்கத்துக்குப் போரா சமூகத்தில் வழங்கும் பெயர்) செய்யப்பட்டதாகக் கூறினர். இணையத்தில் தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களின் விழுக்காட்டைச் சமூகம் முழுமைக்கும் உரியதாக எழுதுவது தவறு. ‘வீஸ்பீக்அவுட்’ அமைப்புக்காக 2018இல் வெளியான நேர்காணல் ஆய்வில், பங்கேற்ற பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தம் தாம்பத்திய வாழ்வு பாதிக்கப்பட்டதாகச் சொன்னார்கள்; கேரளத்திலும் இந்த வழக்கம் இருப்பதற்கான தடயங்களை அந்த ஆய்வு முன்வைத்தது. இவ்வளவுக்கும், இந்தியாவில் இவ்வழக்கம் இருப்பதைக் காட்டும் அதிகாரபூர்வத் தரவு எதுவும் இல்லை என்று 2017 டிசம்பரில் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. தரவு திரட்ட யாரும் முயலாத இடத்தில் தரவு இல்லாததையே வாதமாக வைப்பது எப்படிப்பட்ட வாதம் என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

அனுமதியும் பாதுகாப்பும்

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு நேர்காணலும் நடத்தக் கூடாது. விண்ணப்பத்தைத் தயாரிக்கும்போது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளையும், இவ்வழக்கத்தைப் பற்றிய ஆய்வுகளுக்கென்றே உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட நெறிமுறை வழிகாட்டியையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். குடும்ப வன்முறை ஆய்வுகளுக்காக அதே நிறுவனம் 2001இல் வெளியிட்ட பாதுகாப்புப் பரிந்துரைகளும் இங்கே அப்படியே பொருந்தும்.

காகிதத்தில் பெயரை மறைத்துவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். சிறிய சமூகத்தில் ‘42 வயது, பல் மருத்துவர், இரண்டு மகள்கள், சென்னை’ என்று எழுதினால் ஜமாஅத்தில் உள்ள எவரும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். போரா சமூகத்தில் தலைமையை எதிர்ப்போர் ஊர்விலக்குக்கு ஆளான வரலாறு நீண்டது. அதைத் தடுக்க 1949இல் பம்பாய் மாகாணம் இயற்றிய சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1962இல் தீர்ப்பளித்தது. திருமணம், தொழில், அடக்கம் ஆகிய மூன்றும் சமூகத்தைச் சார்ந்திருக்கும் ஒருவருக்கு விலக்கு என்றால் என்ன என்பதை உணர்ந்த பிறகு, ஊர், தொழில், வயது ஆகிய விவரங்களை மாற்றியோ பொதுமைப்படுத்தியோ எழுதுவதில் தயக்கம் வராது. மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் அதே ஜமாஅத்தைச் சேர்ந்தவரை வைத்துக்கொள்ளலாமா என்பதை அந்தப் பெண்ணிடமே கேளுங்கள்.

இன்னொரு அச்சத்தையும் மதிக்க வேண்டும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் இலங்கை முஸ்லிம்கள் மீது வெறுப்பு பெருகிய சூழலில், தாம் பேசுவது தம் சமூகத்தின் மீது எறியப்படும் கல்லாகிவிடுமோ என்று பெண்கள் அஞ்சுவது நியாயமானதே. ஆய்வு எங்கே வெளியாகும், யார் படிப்பார்கள், தலைப்பு எப்படி இருக்கும் என்பதை ஒப்புதல் பெறும்போதே சொல்லிவிடுங்கள்.

ஆதரவு வலையைக் கட்டிய பிறகே முதல் அழைப்பு

ஆலோசகர் ஒருவர், மனநல மருத்துவர் ஒருவர், இந்த வழக்கத்தைப் பற்றி அறிந்த பெண் மகப்பேறு மருத்துவர் ஒருவர், சட்ட உதவி செய்யக்கூடிய ஒருவர் என நால்வரையாவது நேரில் சந்தித்துப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மகப்பேறு மருத்துவரிடம் தெளிவாகப் பேசுவது மிகவும் அவசியம். பரிசோதனை மேசையில் கால்களை விரித்துப் படுப்பதும், டெட்டால் வாசனையும், கருவி உரசும் ஒலியும் சிலருக்குப் பழைய நாளை அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிடும். அந்தப் பெண்களில் பலர் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையைக்கூட ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டிருக்கக்கூடும். ஒவ்வொரு செய்கையையும் முன்கூட்டிச் சொல்லி, ‘நிறுத்துங்கள்’ என்றால் உடனே நிறுத்தும் மருத்துவரே இங்கு வேண்டியவர்.

அவசர எண்களை ஒரு சிறு அட்டையில் அச்சிடுங்கள். இந்தியாவில் மனநல உதவிக்கு டெலி மானஸின் 14416, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926, பெண்களுக்கு 1938, குழந்தைகளுக்கு 1929. ஆய்வின் பெயரை அந்த அட்டையில் அச்சிட வேண்டாம். அதை வீட்டில் யாராவது எடுத்துப் பார்க்கக்கூடும்.

நேர்காணல்

இடத்தை அந்தப் பெண்ணே தேர்வு செய்யட்டும். மாமியாரோ கணவரோ திடீரென உள்ளே வந்தால் பேச்சை மாற்றுவதற்குத் தடுப்பூசி அல்லது தாய்ப்பால் பற்றிய ஒரு மாற்று வினாத்தாளைக் கையில் வைத்திருங்கள். உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கும் நடைமுறை இது. என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை அவரிடம் முன்பே சொல்லிவைத்தால், கதவு தட்டப்பட்டதும் இருவரும் சேர்ந்து பேச்சை மாற்றிவிடலாம்.

அவர் சுன்னத் என்று சொன்னால் நீங்களும் சுன்னத் என்றே சொல்லுங்கள். கத்னா என்றால் கத்னா. ‘சிதைப்பு’ என்ற சொல் உங்கள் அறிக்கைக்கு உரியது. அதை முதல் கேள்வியிலேயே வைத்தால், தன்னைச் சிதைந்தவளாகக் கருதாத ஒரு பெண் எழுந்து போய்விடுவார், அல்லது நீங்கள் எதிர்பார்க்கும் பதிலைச் சொல்லத் தொடங்கிவிடுவார். இலங்கை முஸ்லிம் மார்க்க அறிஞர்களின் அமைப்பான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா 2008இல் இதைக் கடமை என்று ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) வழங்கியிருந்தது. ஆகவே உங்கள் முன் அமர்ந்திருப்பவர் இதை மார்க்கக் கடமையாகவே நம்பிக்கொண்டும், அதே வேளையில் அதன் வலியைச் சுமந்துகொண்டும் இருக்கக்கூடும். இரண்டையும் சொல்ல அவருக்கு இடம் இருக்க வேண்டும்.

தொடக்கக் கேள்வி திறந்ததாக இருக்கட்டும். ‘சின்ன வயதில் உங்களுக்குச் சுன்னத் செய்ததாக வீட்டில் யாராவது சொல்லியிருக்கிறார்களா? அதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?’ என்று கேட்டால், நினைவு இருப்பவரும் இல்லாதவரும் தத்தம் வழியில் தொடங்கலாம். ‘அது உங்களை எவ்வளவு பாதித்தது?’ என்று தொடங்கினால் பாதிப்பை நீங்களே கையில் கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள். என்ன வெட்டப்பட்டது, எவ்வளவு இரத்தம் போனது என்ற விவரங்களை ஆய்வுக்குத் தேவையின்றித் துருவாதீர்கள். எந்த வகை வெட்டு என்பதைப் பெண்கள் சொல்வதை வைத்து மட்டும் உறுதியாக முடிவு செய்யவும் முடியாது.

பேச்சு பெரும்பாலும் தாயிடம் வந்து நிற்கும். வெட்டியவளின் முகம் மறந்துபோன பெண்ணுக்கும், அன்று அழைத்துச்சென்ற உம்மம்மாவின் அல்லது நானியின் கைப்பிடி மறப்பதில்லை. அதிகமாகப் பாசம் காட்டியவரே அழைத்துப்போய் ஒப்படைத்தார் என்பதே பலருக்கு ஆறாத இடம். அந்தத் தாயும் பாட்டியும் ஏழு வயதில் அதே தரையில் படுக்கவைக்கப்பட்டவர்கள் என்பதையும் அவர்கள் அறிவார்கள். இந்தக் கட்டத்தில் ‘அம்மா நல்லது என்று நினைத்துத்தான் செய்திருப்பார்’ என்று ஆறுதல் சொல்லத் தோன்றும், சொல்லாதீர்கள். ‘எவ்வளவு கொடுமை’ என்று தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் வேண்டாம். மன்னிப்பதா கோபப்படுவதா என்பது அவர் எடுக்க வேண்டிய முடிவு. நீங்கள் ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கத்தைச் சொல்ல அவருக்கு ஆள் இல்லாமல் போய்விடும்.

குரல் தட்டையாவது, கண்கள் ஓரிடத்தில் நிலைகுத்துவது, கைகள் சில்லிடுவது, கேள்வி காதில் விழாததுபோல் இருப்பது ஆகியவை அவர் அந்த அறையை விட்டு மனத்தால் வெளியேறிக்கொண்டிருப்பதன் அறிகுறிகள். ஒலிப்பதிவை நிறுத்துங்கள். பாதங்களைத் தரையில் பதிக்கச் சொல்லுங்கள், அறையில் கண்ணில் படும் ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள். தொடரலாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். முடிக்கும்போது கடந்த காலத்திலேயே விட்டுவிடாமல், இன்று வீட்டுக்கு எப்படிப் போகிறார், இரவு யார் கூட இருப்பார்கள் என்று நிகழ்காலத்துக்குப் பேச்சைக் கொண்டுவாருங்கள். ஓரிரு நாளில், அவரே பாதுகாப்பானது என்று சொன்ன எண்ணில், அவரே சொன்ன நேரத்தில் அழைத்து நலம் விசாரியுங்கள்.

அளவுகோல்கள்

மனச்சோர்வுக்குப் பி.எச்.கியூ.-9, பதற்றத்துக்கு ஜி.ஏ.டி.-7, பேரதிர்ச்சிக்குப் பின்னான அறிகுறிகளுக்குப் பி.சி.எல்.-5 அல்லது ஹார்வர்ட் அதிர்ச்சி வினாநிரல் ஆகியவை வழக்கமாகப் பயன்படுகின்றன. தமிழ் வடிவம் கிடைத்தாலும் அது சென்னை வழக்கில் எழுதப்பட்டதா, இலங்கையின் கல்முனையில் புரியுமா என்பதைச் சில பெண்களிடம் வாசித்துக் காட்டிச் சரிபாருங்கள். பி.எச்.கியூ.-9இன் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதற்கு ‘இல்லவே இல்லை’ என்பதைத் தவிர வேறு விடை வந்த தாளை மாலையில் கூட்டிப் பார்க்கலாம் என்று பைக்குள் வைத்துக்கொண்டு போவது பெரும் பிழை. அங்கேயே பார்த்து அங்கேயே செயல்பட வேண்டும். கைக்குழந்தைப் பருவத்தில் வெட்டப்பட்டவர்களிடம் பி.டி.எஸ்.டி. அளவுகோலில் குறைந்த மதிப்பெண் வந்தால், பாதிப்பே இல்லை என்று அதற்குப் பொருளில்லை. அந்தக் கருவி நினைவில் உள்ள நிகழ்வைச் சுற்றியே கட்டப்பட்டது.

சிகிச்சையில் துணை நிற்றல்

மனச்சோர்வு, பதற்றம், பி.டி.எஸ்.டி. ஆகியவற்றின் அறிகுறிகள் உள்ளவர்களுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. ஆய்வாளராக உங்கள் வேலை சிகிச்சை அளிப்பதன்று. தகுந்தவரிடம் சேர்ப்பதும், முதல் முறை கூடப் போவதும் உங்கள் வேலை. நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் கொட்டித் தீர்க்கச் செய்வது மனத்தை இலகுவாக்கும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை.

தாம்பத்திய உறவைப் பற்றி ஆலோசகர்கள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள், பெண்களும் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். இதனால் வலி, உணர்வின்மை, நெருங்கும்போது உடல் இறுகிப்போவது ஆகியவை ஆண்டுக்கணக்கில் பேசப்படாமல் கிடக்கின்றன. எளிய படம் ஒன்றைக் காட்டி உடலமைப்பை விளக்கினாலே பலருக்குப் பாதி பாரம் இறங்கும். பெண்குறிக் காம்பின் பெரும்பகுதி உடலுக்குள் இருக்கிறது என்பதும், மேல்தோலில் வெட்டு விழுந்ததாலேயே இன்ப உணர்வு அற்றுப்போய்விடாது என்பதும் படித்த பெண்களுக்குக்கூடப் புதிய செய்தியாக இருக்கக்கூடும். பெண் விரும்பினால் கணவரையும் ஓர் அமர்வுக்கு அழைக்கலாம்.

ஆபத்தில் ஒரு சிறுமி இருப்பது தெரியவந்தால்

‘அடுத்த விடுமுறையில் தங்கை மகளுக்குச் செய்யப்போகிறார்கள்’ என்று நேர்காணலின் நடுவே ஒருவர் சொல்லக்கூடும். இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. இருந்தும், அப்போது நடப்பில் இருந்த இந்திய தண்டனைச் சட்டமும், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் இதற்குப் பொருந்தும் என்பதே, இவ்வழக்கத்தைத் தடை செய்யக் கோரி உச்ச நீதிமன்றத்தில் தொடரப்பட்ட வழக்கில் அரசுத் தலைமை வழக்கறிஞர் எடுத்த நிலைப்பாடு. 2018இல் அந்த வழக்கு அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது. போக்சோவின் 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததை அறிந்தவரும் நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் புகாரளிக்கக் கடமைப்பட்டவர்கள். இலங்கையிலும் தனிச் சட்டம் இல்லை. மருத்துவர்கள் இதைச் செய்யக் கூடாது என்று சுகாதார அமைச்சு 2018இல் சுற்றறிக்கை வெளியிட்டது.

ஆகவே ‘நீங்கள் சொல்லும் எதையும் வெளியே சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு குழந்தைக்கு ஆபத்து என்றால் என்ன செய்வீர்கள் என்பதை வழக்கறிஞரிடம் கேட்டு, ஒப்புதல் படிவத்தில் எளிய தமிழில் எழுதி, வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அதைக் கேட்ட பிறகு சிலர் பேச மறுக்கலாம், மறுக்கட்டும்.

எழுதும்போதும் அதன் பிறகும்

ஒலிப்பதிவுகளைக் கைபேசியில் வைத்திருக்காமல் கடவுச்சொல் இட்ட இடத்துக்கு அன்றே மாற்றிவிடுங்கள். எழுத்தாக்கம் முடிந்ததும் அழித்துவிடுங்கள். எழுத்தாக்கம் செய்யும் வேலை கேட்பவரையும் வருத்தும் என்பதால், அதை ஒரே மூச்சில் ஒரே ஆளிடம் தள்ளிவிடாமல் வாரத்துக்குச் சில என்று பிரித்துக்கொள்வதும், மேற்பார்வையாளரோடு தவறாமல் பேசுவதும் நல்லது. அறிக்கை அச்சேறுவதற்கு முன், பங்கேற்றவர்களின் மேற்கோள்களை அவரவருக்கு வாசித்துக் காட்டி, நீக்க விரும்பும் வரிகளைக் காரணம் கேட்காமல் நீக்கிவிடுங்கள். இதற்கென்றே கால அட்டவணையில் ஒரு மாதம் ஒதுக்கி வையுங்கள். சிலர் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். அவர்களுடைய மேற்கோளைச் சேர்க்க வேண்டாம். அந்தக் கருத்தை உங்கள் சொற்களில் பொதுவாக எழுதினால் போதும்.